குரைக்கிற நாயும் கடிக்கிற நாயும்

“குரைக்கிற நாய் கடிக்காது” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் பழமொழி. வெறும் வாய்ச்சவடால் அடிப்போரைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் இம்மொழி தானே வந்து நிற்கும். நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களிலும் இது பால்மரக் காலத்தில் வழங்கியது; செம்பனைக் காலத்திலும் வழங்குகிறது. இதனோடு ஒட்டிய மற்றொரு நம்பிக்கையும் அங்கு உண்டு. பெரிய நாய் பொல்லாதது, சின்ன நாய் விளையாட்டுக்கு உரியது என்பதே அது. பழமொழி நாயை ஓசையால் அளக்கிறது. இந்நம்பிக்கை உருவத்தால் அளக்கிறது.

பழமொழியைக் கேட்கும் பெரியவர் அதனை மனிதர்மேல் ஏற்றிப் பொருள் கொள்கிறார். ஏழு வயதுப் பிள்ளை அவ்வாறு கொள்வதில்லை. நாயைப் பற்றி ஆசிரியர் ஓர் உண்மையைச் சொல்லிக் கொடுத்தார் என்றே அது எடுத்துக்கொள்கிறது. செம்மண் சாலையில் பள்ளிக்கு நடந்து செல்லும் அப்பிள்ளையின் எதிரே குரைத்துக்கொண்டு ஒரு நாய் வந்தால், வகுப்பறையில் கற்ற அத்தொடரே அதன் நினைவுக்கு வரும். ஆகவே இப்பழமொழியின் மெய்ம்மையை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. பிள்ளைகளின் உடலும் உயிரும் அதனோடு தொடர்புடையன. இவ்விரு அளவுகோல்களையும் பழந்தமிழ் நூல்களின் முன்னும், இந்நாளைய சட்டங்களின் முன்னும், அறிவியல் ஆய்வுகளின் முன்னும் நிறுத்தி மதிப்பிடுதல் வேண்டும்.

பழமொழியின் எல்லை

இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. அலெக்சாந்தர் வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதிய குர்ட்டியஸ் ரூபுஸ் என்பார், பாக்திரிய நாட்டாரிடையே வழங்கிய மொழியாக இதனை ஒத்த ஒன்றைக் குறித்து வைத்துள்ளார். அஞ்சும் நாயின் கடியைவிட அதன் குரைப்பே வன்மையானது என்பது அதன் கருத்து. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். தமிழ்ப் பழமொழி குரைக்கும் நாய் கடிக்காது என்று முடிந்த முடிபாகக் கூறிவிடுகிறது. பாக்திரியர் மொழியோ, குரைப்புக்குக் காரணம் அச்சம் என்று கூறி, கடியையும் முற்றிலும் மறுக்காமல் விடுகிறது. அஞ்சுகின்ற நாயால் அவ்வளவு தீங்கு விளையாது என்னும் எண்ணம் இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது. அவ்வெண்ணமே ஐயத்திற்கு உரியது என்பது பின்னர் விளங்கும்.

பழமொழிகள் வாழ்க்கை அனுபவத்தின் பிழிவு என்பர். அது மெய்யே. ஆயினும் எந்த அனுபவத்திலிருந்து பிழியப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். “நாய் வாலை நிமிர்த்த முடியாது” என்பது திருந்தாத மனிதனைப் பற்றியது. “நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்” என்பது கல்லில் செதுக்கிய நாயைக் குறித்து எழுந்தது என்பார் உளர். நாயாக நோக்குவார்க்குக் கல் மறைகிறது. கல்லாக நோக்குவார்க்கு நாய் மறைகிறது என்பது அவர் கூறும் விளக்கம். இந்நுட்பம் எட்டாத சிறுவர்க்கு அம்மொழி, நாயைக் கண்டால் கல்லைத் தேடு என்னும் கட்டளையாகவே படுகிறது. நாயை உவமையாக்கி மனிதரைப் பேசுவதே இத்தகைய பழமொழிகளின் நோக்கம். உவமையை எடுத்து இயற்கை அறிவாகக் கற்பித்தால், பழமொழிக்கும் நீதியில்லை, பிள்ளைக்கும் நன்மையில்லை.

பங்களா நாயும் லயத்து நாயும்

உருவம் பெரிதாயின் தீமையும் பெரிது என்னும் எண்ணம் தோட்டங்களில் வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலத்தில் மேட்டின்மேல் பங்களா இருந்தது. பள்ளத்தில் லயங்கள் இருந்தன. பங்களாவில் வளர்ந்தது சீமையிலிருந்து வந்த உயர்சாதி நாய். அது இறைச்சி தின்றது. அதற்குப் பெயர் இருந்தது, கழுத்தில் பட்டை இருந்தது, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தான். பங்களாப் படியேறிப் போகவேண்டிய பாட்டாளிக்கு அந்நாயின் உருவமும் துரையின் அதிகாரமும் ஒன்றாகவே தோன்றின. பெரிய நாயிடத்துக் கொண்ட அச்சத்தில் ஒரு பாதி, அதன் பின்னே நின்ற மனிதனிடத்துக் கொண்ட அச்சம் எனலாம்.

லயத்து நாயின் கதை வேறு. செம்பட்டை நிறமும் ஒட்டிய வயிறுமாகத் திரியும் அதற்கு உரியவர் இன்னார் என்று சொல்ல இயலாது; நான்கு வீட்டுச் சோறு அதற்கு உரியது. விடியுமுன் வெட்டுக்குப் போகும் பாட்டாளிக்கு முன்னே அது ஓடும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவாரோடு கூடிப் போகும். ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளைகள் சிந்தும் சோற்றுக்குக் காத்துக் கிடக்கும். அதனை எவரும் அஞ்சியதில்லை, அது சிறியது என்பதனால்.

ஆனால் கடிபடும் வாய்ப்பு எதனிடம் மிகுதி? சங்கிலியில் கிடக்கும் பங்களா நாயிடமா? பிள்ளைகளின் காலோடு காலாகத் திரியும் லயத்து நாயிடமா? உண்ணும்போது பிள்ளை கை நீட்டுவதும், ஈன்ற பெட்டையிடமிருந்து குட்டியைத் தூக்குவதும், உறங்கும்போது வாலை மிதிப்பதும் லயத்து நாயிடத்தேதான் நிகழும். உலகெங்கும் குழந்தைகளைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை அக்குழந்தைகளுக்கு நன்கு பழகியவையே என்று மருத்துவர்கள் கூறுவதும் இதனோடு ஒத்துவருகிறது.

இந்நாளில் நிலைமை மேலும் மாறியுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபின், நீலாய், சிரம்பான் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தன. அடுக்குமாடி வீட்டுக்கு நாயைக் கொண்டுபோக முடிவதில்லை. மனிதர் போன பிறகு நாய் மட்டும் பழைய லயத்தில் தங்கிவிடுகிறது. சோறிட்ட கை மறைந்தபின் அது குப்பைமேட்டை நாடுகிறது. பிற நாய்களோடு கூடுகிறது. காவல் கொட்டகைகளின் அருகே குட்டி போடுகிறது. தனியே வரும்போது வாலைக் குழைத்து ஒதுங்கும் நாய், நான்கைந்து சேர்ந்து கூட்டமானபோது துரத்தத் துணிகிறது. இக்கூட்டத்தில் உள்ள நாய் ஒவ்வொன்றும் சிறியதே. கூட்டமோ சிறியதன்று.

பழந்தமிழர் நோக்கு

பழந்தமிழ் நூல்களில் நாய் வரும் இடங்கள் பல. நாய், ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனப் பெயர்களும் பல. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர் கூறும்போது நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் குட்டிகளுக்கும் ‘குருளை’ என்னும் ஒரே பெயரை விதிக்கின்றார். முயலும் புலியும் உருவத்தால் எத்துணை வேறுபட்டவை! சொல்மரபு இங்கு உருவத்தின் வழியே செல்லவில்லை.

புறநானூற்றின் 33-ஆம் பாட்டு சோழன் நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடியது. அதில் வரும் வேட்டுவன் ‘கதநாய்’ உடையவன். கதம் என்பது சினம். நாய்க்குப் புலவர் தந்த அடை அதன் உயரத்தையோ பருமையையோ கூறவில்லை, குணத்தைக் கூறுகிறது. அச்சினமும் வேட்டுவனின் தொழிலுக்கு வேண்டிய சினம். அவன் மான்தசையைக் கொண்டுவந்து உழவர் மனையில் கொடுத்து நெல் பெற்றுச் செல்லும் அமைதியான காட்சியே அப்பாட்டில் தொடர்கிறது. சினமுள்ள நாயும் சினத்தை ஆளத்தெரிந்த மனிதனும் ஒரு தொடருள் அடங்கி நிற்கின்றனர்.

இன்னும் தெளிவான சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், எயினரின் அரணமைந்த குடியிருப்பு வருணிக்கப்படுகிறது. பிறர் நெருங்குதற்கு அரிய அம்மனைகளில் ‘தொடர்நாய்’ கட்டப்பட்டிருக்கிறது. தொடர் என்பது சங்கிலி. காவலுக்கு வைத்த கொடிய நாயைச் சங்கிலியால் பிணித்து வைத்தனர் என்பதும், அது கட்டப்பட்ட மனை அயலார் அணுகத் தகாதது என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன. அதே நூல் மறையவர் உறைவிடத்தைப் பேசும்போது, கோழியும் நாயும் அங்கே நெருங்குவதில்லை என்கிறது. நாய் இருக்கத் தக்க இடம், இருக்கத் தகாத இடம் என்னும் பாகுபாடு அக்காலத்தே இருந்தமைக்கு இது சான்றாகும். காவல்நாய்க்கு உரியவன் யார், அதன் இடம் எது, அதன் கட்டு எது என்னும் மூன்றையும் அறிந்திருந்த சமுதாயம் அது.

நாலடியார் இதனை வேறொரு முகத்தால் காட்டுகிறது. நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தில் யானையும் நாயும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் நாய் வாலைக் குழைக்கும். ஆதலால் யானை போன்றவர் நட்பை விடுத்து நாய் போன்றவர் நட்பைக் கொள்க என்பது கருத்து. பெருமைக்கு உவமையாகிய யானையைத் தள்ளி, இழிவுக்கு உவமையாகிய நாயைக் கொண்டது துணிவான தேர்வு. உருவப் பெருமையைக் கொண்டு ஒருவரை மதிப்பிடலாகாது என்னும் இதே கருத்தை, வினைத்திட்பம் கூறும் வள்ளுவர் தேரின் அச்சாணியை உவமையாக்கிச் சொல்கிறார்.

ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். நாலடியார் பேசுவது நட்பை, நாயியலை அன்று. அடித்தாலும் நாய் வாலைத்தான் குழைக்கும் என்று இதனைக் கொண்டு ஒருவர் முடிவு செய்தால், குரைக்கிற நாயைப் பற்றிய பழமொழியில் நேர்ந்த பிழையே இங்கும் நேரும். அந்நூலே சினமின்மை அதிகாரத்தில், நாய் சினந்து கவ்வினாலும் அதனைத் திருப்பிக் கவ்வுவார் உலகில் இல்லை என்று கூறிச் சான்றோர் பொறுமையை விளக்குகிறது. வால் குழைக்கும் நாயும் கவ்வும் நாயும் ஒரே நூலில் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறையான படிப்பு.

சட்டம் எதனை அளக்கிறது

இந்நாளைய அரசுகள் பெரும்பாலும் நாயின் இனத்தையும் உருவத்தையும் கொண்டே ஆபத்தை அளக்கின்றன. பிரிட்டன் 1991-ஆம் ஆண்டில் ஆபத்தான நாய்கள் சட்டத்தை இயற்றி, பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ என்னும் நான்கு வகைகளைத் தடை செய்தது. அதன் பின்னும் சாவுகள் நிகழ்ந்தமையால் எக்ஸெல் புல்லி என்னும் பெருநாய் வகையை 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் கால்நடை மருத்துவச் சேவைத் துறை பிட்புல், அகிட்டா, டோசா, நியாப்போலிட்டன் மாஸ்டிப் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்துள்ளது. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் முதலியவற்றைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியுள்ளது.

இந்திய அரசு 2024 மார்ச்சில் 23 வகை நாய்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அதற்கு அடுத்த மாதம், அதாவது 2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அச்செய்தி கேட்டு நடுங்காதார் இல்லை. பெருநாயின் தாடை வன்மையை அறிய வேறு சான்று வேண்டா. பட்டியல்களுக்கு ஆதரவாகப் பேசுவார் பக்கத்தில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

எனினும் அந்நிகழ்ச்சியில் கேட்கத்தக்க முதல் வினா எது? அந்நாய்கள் எந்த இனம் என்பதா? பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கட்டின்றியும் வாய்மூடியின்றியும் அவை எவ்வாறு வந்தன என்பதா? இரண்டாவது வினாவைத்தான் பழைய சட்டமும் கேட்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 289-ஆவது பிரிவு, 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. தன் வசமுள்ள எந்த விலங்காலும் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு காக்கத் தவறுபவன் குற்றவாளி என்பது அதன் சாரம். அதில் இனப்பெயர் இல்லை, உயரம் இல்லை, எடை இல்லை. உடையவனின் கவனம் ஒன்றே அங்கு அளக்கப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையின் தொடர்நாய்க்கும் இச்சட்டப் பிரிவுக்கும் இடையே காலத்தால் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு தூரம் உண்டு. கருத்தால் தூரம் இல்லை.

உருவத்தை அளவுகோலாலேயே அளந்து பார்த்த நாடு சிங்கப்பூர். அங்குள்ள வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் சிறு இன நாய் ஒன்றையே வளர்க்கலாம். கலப்பினமாயின் தோள் உயரம் 40 சென்டிமீட்டர், எடை 10 கிலோ என்பவை எல்லைகள். 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய அடோர் என்னும் திட்டம், உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு இவ்வெல்லையைத் தளர்த்தியது. அதற்கு ஈடாக, நாய்க்குக் கீழ்ப்படிதற் பயிற்சி அளிக்கவேண்டும் என்று உடையவர்மேல் கடமை சுமத்தியது. அளவுகோலின் இடத்தைப் பயிற்சி பிடிக்கத் தொடங்கியது கவனிக்கத் தக்கது.

ஆய்வுகள் கூறுவன

உருவத்துக்கும் சினத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டிய ஆய்வு அது. மனிதரைக் கண்டு உறுமுதல், பாய்தல், கடித்தல் ஆகியவை நடுத்தர நாய்களையும் பெரிய நாய்களையும் விடச் சிறிய நாய்களிடமே மிகுதி என்று அவர்கள் கண்டனர். அச்சம் மிக்க நாய்களிடம் அச்சமற்றவற்றைவிடச் சினம் பன்மடங்கு மிகுதி என்பது அவர்கள் கண்ட மற்றோர் உண்மை. முதன்முறையாக நாய் வளர்ப்போரிடம் உள்ள நாய்களும் சினம் மிக்கனவாக இருந்தன.

இங்கே பாக்திரியர் மொழியும் தமிழ்ப் பழமொழியும் ஒருசேர விழுகின்றன. அஞ்சிக் குரைக்கும் நாய் தீங்கற்றது என்று அவை கருதின. அச்சமே கடிக்குக் காரணம் என்பது ஆய்வின் முடிபு. குரைப்பு என்பது நாயின் எச்சரிக்கை. விலகிப் போ என்று அது சொல்லும் சொல். விலகினால் கடியாது. விலகாமல் நெருங்கினால், ஓட வழியின்றி நிற்கும் நாய்க்குப் பல்லைத் தவிர வேறு கருவியில்லை. பழமொழியை நம்பி நெருங்குபவனே அதனைப் பொய்யாக்குகிறான்.

இனத்தைப் பற்றிய ஆய்வு ஒன்று 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளிவந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையையும், அவற்றுள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தவர்கள், ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கே என்றனர். எஞ்சியவற்றில் வளர்ப்புக்கும், பழக்கத்துக்கும், அந்தந்த நாயின் தனி இயல்புக்கும் இடமுண்டு.

அப்படியாயின் உருவத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு. கடிக்கும் வாய்ப்பு வேறு, கடியின் விளைவு வேறு. சிறுநாய் அடிக்கடி கடித்தாலும் அதன் கடியால் உயிர் போவது அரிது. பெருநாய் ஒருமுறை கடித்தாலும் எலும்பு முறியும். குழந்தையாயின் உயிரும் போகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பொது மக்கள் கருத்திலும் பட்டியற் சட்டங்களிலும் உள்ள குறை. பெருநாய் வளர்ப்போன்மீது கூடுதல் கட்டுப்பாடு விதிப்பது தகும். ஏனெனில் அவனது கவனக்குறைவின் விலை பெரிது. பெருநாய் இயல்பிலேயே கொடியது என்பதும், சிறுநாய் இயல்பிலேயே சாது என்பதும் தகா.

சிறு பல்லும் பெருநோயும்

உருவ அளவுகோல் அடியோடு பயனற்றுப் போகும் இடம் ஒன்று உண்டு. அது வெறிநாய்க்கடி நோய். இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இறப்பதாகவும், மனிதர்க்கு இது தொற்றுவது பெரும்பாலும் நாய்களாலேயே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மடிபவருள் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பங்கு பெரிது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. குட்டிநாயின் ஊசிமுனை போன்ற பல் தோலைக் கீறினாலும் போதும். அங்கே 40 சென்டிமீட்டர் என்னும் எல்லைக்குப் பொருளில்லை.

மலாயா நாடு இந்நோயை அறியாததன்று. 1952-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வட்டாரத்தில் அது பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி இட்டும் அலைந்து திரிந்தவற்றை அகற்றியும் அடக்கினர். பின்னர் நெடுங்காலம் தீபகற்பம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அவ்வமைதி 2015-ஆம் ஆண்டில் குலைந்தது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது. 2017-ஆம் ஆண்டில் சரவாக்கில் வெடித்த நோய் இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுவிட்டது. நெகிரி செம்பிலான் தோட்டத்தார் இவற்றைத் தொலைவிலுள்ள செய்திகளாகக் கொள்ளலாகாது. நாய்க்கு மாநில எல்லை தெரியாது.

தோட்டத்து முதியோர் சிலரிடம் இன்றும் வழங்கும் கைவைத்தியமும் இங்கே சொல்லத் தக்கது. கடிவாயில் மஞ்சள் அப்புவது, சுண்ணாம்பு தடவுவது, மிளகாய்த்தூள் வைப்பது என்பன தமிழகத்திலிருந்து கூடவே வந்த பழக்கங்கள். இவை கிருமியைக் கொல்வதில்லை, காலத்தைக் கொல்கின்றன. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்வதே உயிர்காக்கும் முறை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொல்லும் பழங்கதை பிள்ளைகளை அச்சுறுத்திக் கடியை மறைக்கச் செய்கிறது. அம்முறை மறைந்துவிட்டது. இப்போது போடப்படுவன கையில் இடும் சில ஊசிகளே என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மொழிப் பாடத்தில் பழமொழிக்குத் தனி இடமுண்டு. குரைக்கிற நாயைப் பற்றிய பழமொழியை நீக்கிவிட வேண்டும் என்பதில்லை. அது வீண் மிரட்டலைப் பற்றியது, நாயைப் பற்றியதன்று என்று ஒரே ஒரு வாக்கியத்தை ஆசிரியர் சேர்த்துச் சொன்னால் போதும். பொருள் விளக்கமாகவும் அது அமையும், உயிர்காப்பாகவும் அமையும். பாரதியாரின் பாப்பா பாட்டு நாயைத் தோழனாகக் காட்டுகிறது. அது தன்வீட்டு நாயோடு உறவாடும் குழந்தைக்குப் பாடிய பாட்டு. அதன் இனிமையைக் கெடுக்காமலே, அயல்வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் அவ்வுறவு உடனே உரியதாகாது என்பதைக் கூறலாம். வால் ஆடுவதெல்லாம் அன்பின் அடையாளமும் அன்று. உடலை விறைத்து, வாலை உயர்த்தி, விரைந்து ஆட்டும் நாய் கிளர்ச்சியுற்றிருக்கிறது.

கல்லைப் பற்றிய பழமொழியைக் கற்பிக்கும்போது, கல்லெறிதல் தவறு என்பதையும் உடன் கற்பிக்க வேண்டும். இன்று கல்லடி பட்ட நாய் நாளை சிறுவரைக் கண்டாலே அஞ்சும். அஞ்சும் நாய் கடிக்கும் என்பது மேலே கண்டது. எறிந்தவன் ஒருவனாகவும் கடிபடுபவன் வேறொருவனாகவும் இருத்தல் கூடும்.

நாய் எதிர்ப்பட்டால் ஓடாதே, கூச்சலிடாதே, கண்ணுக்குக் கண் நோக்காதே, கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் நின்று, பின் மெல்ல விலகு. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியோடு கிடக்கும் நாயையும், கட்டியிருக்கும் நாயையும் அணுகாதே. சிறு கீறல் பட்டாலும் அன்றே வீட்டில் சொல். இவ்வளவும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். நாடகமாக நடித்துக் காட்டினால் சின்னஞ்சிறாரும் மறவார்.

பெரியோர்க்கும் கடமை உண்டு. நாய் வளர்ப்பவர் உரிமம் பெறவும், தடுப்பூசி இடவும், வேலியும் கட்டும் அமைக்கவும் வேண்டும். காவல்நாய் வைத்துள்ள தோட்ட நிருவாகத்தார், பள்ளி நேரத்திலேனும் அவற்றைப் பிணித்து வைத்தல் வேண்டும். இடம்பெயர்ந்து செல்லும் குடும்பத்தார், விட்டுச் செல்லும் நாயை யார் காப்பார் என்பதை எண்ணாமல் வண்டியேறலாகாது.

நாயை அளக்கும் அளவுகோல்களுள் குரைப்பும் உருவமும் எளியவை. கேட்ட அளவிலும் கண்ட அளவிலும் கிடைப்பவை. ஆதலால் மக்கள் அவற்றைப் பற்றிக்கொண்டனர். எயினரின் மனையைப் பாடிய புலவர் நாயோடு சங்கிலியையும் பார்த்தார். சங்கிலியைப் பார்ப்பவர் அதனைப் பிடித்திருக்க வேண்டிய கையையும் தேடுவார். பழந்தமிழ் நூலிலிருந்து தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய பார்வை அதுவே. பழமொழியையும் அப்பார்வையோடு சேர்த்துக் கற்பித்தல் தமிழாசிரியர் கடன்.